ஏழாம் வீட்டுப் புழு

அடுத்தவர் வீட்டுத் தொட்டியில் பூச்சி கண்டுபிடிப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தன் பவளத் தொட்டியைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருப்பார். நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "அந்தக் கல்லுக்குப் பின்னால ஒரு மயிர்நண்டு குடியிருக்கே, வாடகை ஒழுங்கா தருதா?" என்று கேட்பேன். அதனால் எனக்குப் பூச்சி இன்னாசி என்று பெயர். பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் பல்செட் கட்டிக்கொண்டவர்கள். நான் கட்டிக்கொடுத்த பல்லாலேயே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

தூத்துக்குடிக் கடலில் கொம்புப் பவளம் செத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. தண்ணீர் சுட்டது, பவளம் வெளுத்தது, போய்விட்டது. போவதற்கு முன்னால் ஒடித்தெடுத்த துண்டுகள்தான் இப்போது வீடுகளில் இருக்கின்றன. உப்பும் விளக்கும் அரசாங்கம் தரும்; பொறுமை நம்முடையது. வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியின் சூட்டைக் கூட்டி, வெந்நீரிலும் பிழைக்கப் பழக்கி, வருகிற தை மாதம் எல்லாவற்றையும் கடலில் கொண்டுபோய் நடப்போகிறார்கள்.

வகைக்கு ஒரு நம்பர். எங்கள் வீட்டில் இருப்பது மூன்றாம் நம்பர். முதலில் ஏழு வீடுகளில் இருந்தது; ஆறில் செத்துவிட்டது. உலகத்தில் மிச்சமிருக்கும் மூன்றாம் நம்பர் எங்கள் ஹாலில், டிவி இருந்த இடத்தில் இருக்கிறது. அது பிழைத்ததற்குக் காரணம் நான்தான் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். என் மனைவி ஜெசிந்தா என்று வீட்டுக்குள் ஒப்புக்கொள்வேன். பெருவிரல் அளவில் வந்ததை அவள் பதினேழு வருடத்தில் ஒரு கூடை அளவுக்கு வளர்த்திருந்தாள்.

ஒவ்வொரு தொட்டியின் உள்பக்கக் கண்ணாடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி ஒட்டியிருக்கும். அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. நாங்கள் நாக்கு என்போம். தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீரை ஒரு சொட்டு சுவைத்து, அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பெயர் சொல்லும்; பெருகும்வரை ஒரு சொட்டில் அகப்படாததும் உண்டு. நாம் வளர்ப்பவை பச்சை. கல்லோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தவை, தொந்தரவில்லாதவை, மஞ்சள். சிவப்பு வந்தால் அது அரசாங்கத் தடைப் பட்டியலில் இருக்கும் உயிர். தொட்டியில் பிளீச்சிங் ஊற்றி, இருப்பதையெல்லாம் கொன்றுவிட வேண்டும்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் நாக்கு சிவப்பு காட்டியது. கொம்புப் பவளத் தட்டைப்புழு.

"கருவி கெட்டுப்போச்சு" என்றேன். பூச்சி நிபுணர்கள் முதலில் சொல்வது அதுதான்.

ஜெசிந்தா சமையலறையிலிருந்து பெரிய சிரிஞ்சை எடுத்து வந்து, தொட்டிக்குள் கையை விட்டு, பவளத்தின் அடிக்கிளையில் தண்ணீரைப் பீச்சினாள். கிளையிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து பறந்தது. பவளத்தின் அதே நிறம், அதே புள்ளி, விரல்நகத்தில் பாதி அளவு. மிதந்து, வளைந்து, மறுபடி கிளையில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் காணவில்லை. கண்ணெதிரில் இருந்தும் காணவில்லை.

அது இருந்த இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடங்கள். மூன்று வாரத்துக்கு முன்பே ஜெசிந்தா அவற்றைக் காட்டிக் கேட்டிருந்தாள். "வெளிச்சம் கூடிப்போச்சு, அந்தத் தடம்தான்" என்று லென்ஸை மாட்டிக்கொண்டு சொன்னவன் நான்.

நாக்கு தான் கண்டதை மதியம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு அனுப்பும். அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அனுப்பாது. என் கை பிளக்குக்குப் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகவே போனது.

"எடுங்க கைய" என்றாள் ஜெசிந்தா.

"பத்து நாள் குடுத்தா கழுவிக் கழுவியே ஒழிச்சிரலாம், ஜெசி."

"ஒழியலன்னா? தைல கடலுக்குப் போவும். நம்ம கையாலயே புழுவையும் சேத்து நட்டுட்டு வரணும். அதுக்கா பதினேழு வருஷம்?"

"தெரிஞ்சா மூணாம் நம்பரே இருக்காதுடி."

"தெரியும்" என்றாள். குரல் ஒரு இம்மிகூட அசையவில்லை. கை மட்டும் சிரிஞ்சை விடவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தகவல் போனது. மூன்று மணிக்கு இசக்கியம்மாள் வந்துவிட்டாள். பவளத் திட்ட அலுவலகத்தின் இன்ஸ்பெக்டர், முப்பது வயதிருக்கும், கடையநல்லூர்க்காரி. வந்த வேகத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. கெட்ட செய்தி சொல்ல வந்த வீட்டில் குடிக்கக் கூடாதென்று வைத்திருக்கிறாள்போல.

"திங்கக்கிழம காலைல பிளீச்சிங் டிரம் வரும், அண்ணாச்சி."

"வேற வழியே இல்லியா, மேடம்? அயோடின்ல முக்கி..."

"புழு சாவும். முட்ட சாவாது. அடிக்கட்டைல ஒட்டி வச்சிருக்கும். உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான எல்லாருக்கும் பாடம் எடுக்கீய."

அது வலித்தது.

"இந்தப் புழு மேல ஏன் இவ்வளவு கோவம்?" என்று ஜெசிந்தா கேட்டாள். "மஞ்சள்ல எத்தன புழு இருக்கு."

"அதுக எதையாவது தின்னு பொழச்சிக்கிடும், அக்கா. இது கொம்புப் பவளத்த மட்டுந்தான் திங்கும். வேற எதையும் தொடாது. கடல்ல கொம்புப் பவளமே இல்லாமப் போச்சு, அதோட இதுவும் போச்சு. இப்ப இருக்கதெல்லாம் எங்கயாவது தொட்டில தப்பிச்சதுதான். பட்டியலுக்கு ஒரே அர்த்தந்தான். கடல்ல இல்லாத ஒண்ண நாம கொண்டுபோயி விடக்கூடாது." அவள் நோட்டைத் திறந்தாள். "சரி, கடைசியா புதுசா உள்ள வந்தது என்ன?"

இந்தக் கேள்விக்காகவே நான் நான்கு வருடமாகக் காத்திருந்தேன். பதிவேட்டை எடுத்து நீட்டினேன். எங்கள் தொட்டிக்குள் ஒரு நத்தை வந்தாலும் முதலில் நல்ல தண்ணீர், பிறகு அயோடின், பிறகு நாற்பத்தைந்து நாள் தனி வாளி. அப்புறம்தான் உள்ளே. "நாலு வருஷமா ஒரு கல்லுகூட வரல. பாத்துக்கிடுங்க."

அவள் பதிவேட்டைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நான் சட்டம் போட்டு மாட்டிய படம் ஒன்று இருந்தது. எங்கள் தொட்டி, நடுவில் பவளம், பவளத்தை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் ஒரு பெண் நிற்கிறாள்.

"இது யாரு?"

"மாதா" என்றேன். "எங்க அன்பியத்து மாதா. பன்னெண்டு வீடு சேந்து ஜெபம் சொல்லுவோம். சுரூபம், சிலைதான், வீடு வீடா வரும், வீட்டுக்கு ஒரு வாரம். எல்லா வீட்டுலயும் தொட்டி இருக்கு, அவங்க கடலுக்கே நட்சத்திரம், எதுக்கு மேசைல நிக்கணும், தண்ணிக்குள்ளயே நிக்கட்டும்னு..."

"யாரு சொன்னா?"

"நாந்தான்."

"எப்ப வந்தாங்க?"

"செப்டம்பர்ல. எங்களுது ஏழாவது வீடு."

இசக்கியம்மாள் பேனாவை மூடினாள். "அயோடின்ல முக்குனீயளா?"

"மாதாவையா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை என் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் நான் செய்திருப்பது எனக்கே புரிந்தது. கல்லுக்கு நாற்பத்தைந்து நாள் காவல். நண்டுக்குக் காவல். நத்தைக்குக் காவல். மாதாவை மட்டும் மாலை போட்டு வரவேற்று, மாலையைக் கழற்றி, நேராக உள்ளே இறக்கியிருக்கிறேன். பன்னிரண்டு வீட்டிலும்.

சுரூபம் அக்டோபரிலேயே சுற்றை முடித்து, கடைசியான பன்னிரண்டாம் வீட்டிலேயே இருந்தது. ஜெபம் முடிந்த வீட்டில், தொட்டிக்குள். நான் போய் ஒரு மூடி போட்ட வாளியில் வாங்கி வந்தேன். பட்டப்பகலில் மாதாவை வாளியில் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பவன் மனநிலையை நான் விவரிக்கப்போவதில்லை. பீடத்தைத் திருப்பி, பல் பார்க்கும் லென்ஸை வைத்தேன். பீங்கான் அடியில் பொன்நிறத்தில் எள் தூவியதுபோல வரிசை வரிசையாக முட்டை. பழைய ஓடுகளும் இருந்தன, புதியவையும் இருந்தன. போகிற வீட்டிலெல்லாம் கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி வந்திருக்கிறாள்.

"பன்னெண்டு வீடும் என் லிஸ்ட்ல வரணும்" என்றாள் இசக்கியம்மாள். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில், "திங்கக்கிழம நான் போனா நோட்டீஸோட போவேன். அதுக்கு முந்தி நீங்க போனா, பேசியாவது பாக்கலாம். எந்த வீட்டுலருந்து ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாவணும்."

எனக்குப் போக மனமில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அந்தத் தெருவில் நான் வாங்கி வைத்திருந்த மரியாதை முழுவதும் பூச்சியால் வந்தது. ஆனால் ஜெசிந்தா சிரிஞ்சோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் தனியாகப் போனால் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவாள். நானும் கூடப் போனால் நானே சொல்லிவிடலாம்; அது கொஞ்சம் பரவாயில்லை.

எங்களுக்குப் பின்னால் உள்ள ஐந்து வீடுகளை விட்டுவிட்டு, முன்னால் உள்ள வீடுகளுக்குப் பின்னோக்கிப் போனோம். ஆறாம் வீட்டில் நாக்கின் மேல் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது, பிளக் பிடுங்கிக் கிடந்தது. "சளி பிடிச்சிருக்கு" என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் மாதா விஷயத்தைச் சொன்னதும் கைக்குட்டையை எடுத்துப் பிளக்கை மாட்டினார். சிவப்பு. ஐந்தாம் வீட்டில் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் பவளத்தை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள், பதினெட்டு நாளாக. நான்காம் வீட்டில் எனக்கு மரியாதை கூடுதலாகக் கிடைத்தது.

"தடம் தெரிஞ்சுது, அண்ணாச்சி. நீங்கதான் அன்னிக்கு வந்து, வெளிச்சம் கூடிப்போச்சுன்னு சொன்னீய. வெளக்கக் கொறச்சுக் கொறச்சு இப்ப இருட்டுலதான் இருக்கு."

மூன்று, இரண்டு. எல்லா வீட்டிலும் சிவப்பு வந்த அன்றே, பன்னிரண்டு மணிக்கு முன்னால், நாக்கின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேதி பின்னால் போனது, கடி பெரிதானது. யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் வந்திருக்கிறது, தாங்கள் மட்டும்தான் பாவம் செய்துவிட்டோம் என்று இருந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்குச் சுரூபத்தைக் கொடுக்கும்போது சிரித்த முகத்தோடு கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வீடு பிலோமி அக்கா வீடு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடும்போது அழுத பிள்ளையைவிட, அழாத பிள்ளையைக் கண்டால் பயப்படுவேன் என்று சொல்வார். அவர் தொட்டிக்கு முன்னால் திரை தொங்கியது.

"வந்தது உங்க தொட்டிலருந்துதான், அக்கா" என்றேன். ஒருவழியாகக் குற்றவாளி என்னைத் தவிர இன்னொருவர் என்ற ஆறுதல் என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"எந்தத் தொட்டி?" என்று அவர் திரையை விலக்கினார்.

தொட்டியில் தண்ணீர் இல்லை. துடைத்துக் காயவைத்த கண்ணாடிக்குள் மடித்த போர்வைகள் அடுக்கியிருந்தன.

"செவப்பு வந்துது. ஆகஸ்ட் கடைசில. அன்னிக்கே பிளக்கப் பிடுங்கிட்டு மறுநாளே ஊத்திட்டேன்."

"யாருட்டயும் சொல்லாமயா?" ஜெசிந்தா கேட்டாள். "நீங்களேவா?"

"பின்ன? இவன்தானட்டி கூட்டத்துல சொன்னான். செவப்பு வந்தா வீட்டோட நிக்காது, தெருவுக்கே கேடு, அன்னிக்கே ஊத்தணும், யோசிக்கப்படாதுன்னு. நாம கைகூடத் தட்டுனோம்." அவர் ஒரு போர்வையின் மடிப்பைச் சரி செய்தார். "ஊத்துனதும் ஒரு மணி நேரம் வெள்ளையா நுரையா வந்துட்டே இருந்துச்சு. பதினாறு வருஷம் இருந்துச்சு அது என்கூட."

எனக்குச் சொல்ல ஒரு நகைச்சுவையும் வரவில்லை. வந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

"சரி" என்றார் பிலோமி அக்கா, ஆஸ்பத்திரிக் குரலில். "எனக்கு எப்படி வந்துச்சு, அதச் சொல்லு. நானும் நாலஞ்சு வருஷமா புதுசா ஒண்ணும் வாங்கல. எனக்கு முந்தி மாதா யாரு வீட்டுல இருந்தா?"

"யாரு வீட்டுலயும் இல்லக்கா. நீங்கதான் மொத வீடு."

"வீடு இல்ல. எங்க இருந்தா?"

எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் பனிமய மாதா திருவிழாவுக்கு முந்திய நவநாள். வழக்கமாகக் கோயிலில் வைத்து ஒன்பது நாள் ஜெபம் சொல்வோம். இந்த வருடம் நான் எழுந்து, ஒன்பது நாளும் கடலுக்குள்ளேயே இருக்கட்டும், செத்த பவளத்துக்காக அவளே வேண்டிக்கொள்ளட்டும் என்று பேசினேன். அன்றைக்கும் கைதட்டினார்கள். படகில் கொண்டுபோய், மூழ்கிப்போன தீவுத் திட்டில் இரண்டு ஆள் ஆழத்தில் இறக்கி, மிதவை கட்டிவிட்டு வந்தோம். பத்தாம் நாள் எடுத்து, நேராக பிலோமி அக்கா வீடு.

"கடல்லதான்" என்றேன்.

"அப்ப புழுவும் கடல்லருந்துதான் வந்துருக்கு."

"கடல்ல இந்தப் புழு இருக்காதுக்கா. இது கொம்புப் பவளத்தத் தவிர வேற..."

பாதியில் நிறுத்தினேன். ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"வேற எதையும் தின்னாது" என்று அவள் முடித்தாள். "அப்ப அது அங்க எதத் தின்னுட்டு இருந்துச்சு?"

இசக்கியம்மாளைப் படகில் ஏற்றுவதற்குச் சனிக்கிழமை முழுவதும் ஆனது. "கடல்ல நாக்கு வைக்க யாரும் சொல்லல, அண்ணாச்சி. வச்சா மூவாயிரம் உசுரோட பேரு வரும். எத நம்ப? அங்க ஒண்ணுமில்லன்னு வரைபடமே இருக்கு."

"வரைபடம் போட்டவங்க கடைசியா எப்ப முங்கிப் பாத்தாங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

இசக்கியம்மாள் யோசித்துப் பார்த்தாள். "நான் வேலைக்கு வாரதுக்கு முந்தி."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் படகு நிக்கும். நீங்க வரலன்னாலும் நான் போவேன். எனக்கு நாக்கு இல்ல, கண்ணு இருக்கு. ஆனா நான் சொன்னா உங்க ஆபீஸ்ல நம்புவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். ஒரு பையில் நாக்கு, ஒரு பையில் முங்கு கண்ணாடி. கயிற்றில் நாக்கைக் கட்டி, மிதவை இருந்த இடத்தில் இறக்கினோம். படகுக்காரர் எஞ்சினை அணைத்தார். எனக்கு நீச்சல் தெரியாது. இன்னாசி மச்சாடோ என்று கடலோடிக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு நீச்சல் தெரியாதவன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான். அதனால் படகின் நடுவில், விளிம்பிலிருந்து சம தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இசக்கியம்மாளின் கையிலிருந்த திரையில் பெயர்கள் ஓடின. மீன், நண்டு, பாசி, பெயரே இல்லாத ஏதேதோ. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். அவள் சொன்னது சரி, முடிவே இல்லை. அவள் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு விரல் நின்றது.

சிவப்பு.

இசக்கியம்மாள் திரையை ஜெசிந்தாவின் மடியில் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், கண்ணாடியை மாட்டினாள், குதித்துவிட்டாள்.

ஜெசிந்தா எண்ண ஆரம்பித்தாள். நாற்பதில் இசக்கியம்மாள் ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனாள். இரண்டாவது முறை எழுபது. மூன்றாவது முறை வெகு தள்ளி, திட்டின் மறுபக்கத்தில் தலை தெரிந்தது. நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏறவில்லை.

"நிழலான பக்கம், அண்ணாச்சி. ஒரு பாறைக்கு அடில." மூச்சு வாங்கினாள். "ஒரு அம்பது கொம்பு இருக்கும். எல்லாம் கடிபட்டிருக்கு. அடில பாதி செத்துருச்சு." இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நுனியெல்லாம் வளருது, அக்கா. நீலமா வளருது."

ஜெசிந்தா திரையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாம் நம்பரைப் பற்றிப் பன்னிரண்டு மணிக்குத் தகவல் போனபோதுகூட அவள் அழவில்லை.

"யாரும் சூடு பழக்கல, வெளக்குப் போடல" என்று இசக்கியம்மாள் தண்ணீருக்குள் நின்றே சொன்னாள், யாரிடம் என்றில்லாமல். "புழுவ எடுத்துவிடக்கூட ஆள் இல்ல."

"இப்ப அதுக்கு மருந்து போடணுமா?" என்று படகுக்காரர் கேட்டார்.

"கடல எந்த வாளில முக்குவீய?" என்றாள் அவள்.

கடலில் இல்லாததைக் கடலில் விடக்கூடாது என்பதுதான் பட்டியல். கடலில் இருப்பதற்குப் பட்டியலில் வேலை இல்லை. பட்டியலிலிருந்து புழுவின் பெயரை எடுக்க அலுவலகத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்றாள் இசக்கியம்மாள். டிரம்மை நிறுத்த ஒரு போன் போதும். அதைப் படகிலேயே, ஈரத் துணியோடு, மேலதிகாரியிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசியே செய்தாள்.

திங்கட்கிழமை காலை, டிரம் வந்திருக்க வேண்டிய நேரத்தில், நானும் ஜெசிந்தாவும் பிலோமி அக்கா வீட்டுக்குப் போனோம். நான் எங்கள் தொட்டித் தண்ணீரை ஆறு குடம் சுமந்தேன். கல்லும் எங்களுடையதே. முந்தின நாள் சாயங்காலமே நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஊற்றியிருக்க வேண்டாம் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் கேட்டுக்கொண்டு, "சரி, வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

போர்வைகள் கட்டிலுக்குப் போயிருந்தன. கண்ணாடி துடைத்திருந்தது.

தண்ணீர் நிரம்பியதும் ஜெசிந்தா வாளியிலிருந்து கிளையை எடுத்தாள். மூன்றாம் நம்பரில் நல்ல கிளையாகப் பார்த்து, பல் அறுக்கும் என் சின்ன ரம்பத்தால் அவளே அறுத்தது. ஒரு முழம் இருக்கும். அறுக்கும்போது அவள் என்னைப் பக்கத்தில் விடவில்லை.

பிலோமி அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் இரண்டு மூன்று வட்டத் தடங்கள் இருந்தன.

"புழு இருக்கா?"

நான் லென்ஸை எடுக்கவில்லை. "இருக்கும், அக்கா. முட்டையாவது இருக்கும். கழுவிக் கொறைக்கலாம். ஒழிக்க முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையைத் தோள்வரை நனைத்து, கிளையைக் கல்லின் இடுக்கில் நிறுத்தினார். சாயாமல் நிற்கிறதா என்று விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"புழுவுக்கும் சேத்து வெளக்கப் போடு" என்றார்.